டிராக்டரின் முதல் படி

போர் ஓய்ந்ததும் அரசாங்கங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது நிலம்தான். ஓய்வுபெற்ற படையினரைக் குடியமர்த்தவே ரோமானியர்கள் தனி ஊர்களை உண்டாக்கினார்கள். போரில் மாண்டவரின் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் விட்ட செய்தி நம் கல்வெட்டுகளில் வருகிறது. பிரிட்டிஷ் அரசு பஞ்சாபின் கால்வாய்க் குடியேற்றங்களில் சிப்பாய்களுக்குப் பாசன நிலம் கொடுத்தது. அமெரிக்காவிலோ, குடியேறிய நிலம் சொந்தமாக ஐந்தாண்டு அங்கே வசிக்க வேண்டும் என்றிருந்த விதியில், படையில் இருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்று 1872இல் சட்டம் வந்தது. எங்கும் காரணம் ஒன்றுதான். சிப்பாய் பெரும்பாலும் கிராமத்துப் பிள்ளை; கஜானாவில் காசு இருக்கிறதோ இல்லையோ, அரசிடம் நிலம் இருக்கும்; ஆயுதம் பழகிய ஆண்கள் வேலையற்று நகரத்தில் திரிவதை எந்த ஆட்சியும் விரும்பாது.

கொடுத்த பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்த நாடுகளில் ஒன்று ஆஸ்திரேலியா. முதல் உலகப் போருக்குப் பின் அங்கே ஏறத்தாழ 37 ஆயிரம் முன்னாள் படைவீரர்கள் நிலத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். காடு வெட்டித் திருத்த வேண்டிய நிலத்துக்குக் காயம்பட்டவர்களும் நச்சுவாயு நுரையீரலில் ஏறியவர்களும்கூட அனுப்பப்பட்டார்கள். பத்தாண்டுக்குள் பலர் கடனில் மூழ்கி நிலத்தை விட்டு வெளியேறினார்கள். 1929இல் நீதிபதி பைக் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அரசுக்கு நேர்ந்த நட்டம் 2 கோடியே 35 லட்சம் பவுண்டு. அவர் சொன்ன காரணங்கள் நான்கு. வந்தவரின் கையில் முதல் இல்லை. கொடுத்த நிலம் ஒரு குடும்பம் பிழைக்கப் போதவில்லை. பலர் அந்தத் தொழிலுக்குப் பொருந்தாதவர்கள். விளைபொருள் விலை சரிந்தது. நூறு ஆண்டு ஆகப்போகிறது. இன்றைக்கு எந்த நாட்டில் எந்தத் திட்டம் தோற்றாலும் இந்த நான்கில் ஒன்றைக் காரணமாகக் காட்டிவிடலாம்.

அமெரிக்காவின் கிளமத் பள்ளத்தாக்கில் நடந்தது வேறு மாதிரி. கலிபோர்னியாவும் ஓரிகனும் சந்திக்கும் அந்த இடத்தில் ஏரி வற்றவைத்து எடுத்த வண்டல் நிலத்தை, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அரசு குலுக்கல் முறையில் படைவீரர்களுக்குக் கொடுத்தது. 1946 டிசம்பரில் 86 பண்ணைகளுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுப்போட்டார்கள். ஊறுகாய் ஜாடி ஒன்றில் பெயர்ச் சீட்டுகளைப் போட்டு எடுத்தார்கள். சீட்டு விழுந்தவருக்கு நிலத்தோடு குடியிருக்கக் கொட்டகையும் கிடைத்தது. போர்க்காலத்தில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்திருந்த டூலி லேக் முகாமின் கொட்டகைகளையே பெயர்த்துக் கொடுத்தார்கள். சொந்த நிலத்திலிருந்து விரட்டப்பட்ட விவசாயிகள் பலர் அந்தக் கொட்டகைகளில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

கிளமத்தில் பண்ணைகள் பிழைத்தன. பாசனம் தயாராக இருந்தது, மண் நல்ல மண். இன்னொரு காரணம், சீட்டுப் போடவே விவசாய அனுபவமும் கையில் ஓரளவு முதலும் வேண்டும் என்ற நிபந்தனை. பைக் எழுதிய காரணங்களில் இரண்டு அதில் வாசலிலேயே அடைபட்டுவிட்டன. கூடவே ஏழையும், நடக்க முடியாமல் திரும்பியவனும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வெற்றி பெற்ற நிலத் திட்டங்களைப் பாராட்டும்போது வடிகட்டப்பட்டவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதே காலத்தில் சத்தமில்லாமல் நடந்த ஒரு வேலைதான் என் கணக்கில் உருப்படியானது. அமெரிக்காவில் 1944இல் வந்த படைவீரர் நலச் சட்டத்தின் கீழ், கல்லூரிக்குப் போகாமல் பண்ணையிலேயே இருந்து விவசாயம் பயில மாத உதவித்தொகை கொடுத்தார்கள். ஏறத்தாழ 7 லட்சம் பேர் அதில் பயன்பெற்றார்கள். நிலம் தந்தையுடையதாகவோ குத்தகையாகவோ இருந்தது. வாரத்தில் சில மணி நேரம் வகுப்பு. மீதி நேரம் வயலில். முதல் அறுவடை வரும்வரை அடுப்பெரிய மாதா மாதம் பணம் வந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் படைவீரர்கள் பலர் அலுவலக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டது இந்தத் திட்டத்தின் கறை. ஆனாலும் விவசாயத்தில் புதிதாக இறங்குகிறவனைக் கொல்வது முதல் இரண்டு மூன்று ஆண்டு வருமானமின்மைதான் என்பதைக் கண்டுகொண்ட திட்டம் அது.

நம் ஊரில் நிலம் கொடுத்த கதைக்கு டெல்லியின் சைனிக் பார்ம்ஸைப் பார்த்தால் போதும். 1960களில் முன்னாள் படையினரும் போர் விதவைகளும் கூட்டுறவாகப் பயிர் செய்யத் தொடங்கிய இடம் அது. இன்று நீச்சல் குளத்தோடு மாளிகைகள் நிற்கும், அங்கீகாரமற்ற பணக்காரக் குடியிருப்பு. பெயரில் மட்டும் பண்ணை மிச்சம்.

நிலத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டோம். நிலத்தில் இறங்கும் உடம்பைப் பற்றி அரசாங்கங்கள் பேசத் தொடங்கியது வெகு தாமதமாக. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1979இல் பில் ஃபீல்ட் என்ற பேராசிரியர் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினார். முதுகுத் தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்த விவசாயி மறுபடி டிராக்டர் ஓட்ட என்ன செய்யலாம் என்பதே கேள்வி. அதிலிருந்து வளர்ந்த யோசனை 1990 வேளாண் சட்டத்தில் ‘அக்ரெபிலிட்டி’ என்ற தேசியத் திட்டமாயிற்று. மாநிலம்தோறும் ஒரு வேளாண் பல்கலைக்கழகமும் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு தொண்டு நிறுவனமும் கைகோத்தால்தான் பணம் கிடைக்கும் என்று விதி வைத்தார்கள். இந்த விதிதான் திட்டத்தின் உயிர். பயிர் தெரிந்தவருக்கு உடம்பு தெரியாது, உடம்பு தெரிந்தவருக்குப் பயிர் தெரியாது. இருவரும் ஒரே வண்டியில் ஏறி அந்த விவசாயியின் தோட்டத்துக்குப் போக வேண்டும்.

போய் என்ன செய்கிறார்கள்? பார்க்கிறார்கள். காலையில் எழுந்து கொட்டகைக்குப் போவதிலிருந்து மாலைவரை அவர் செய்யும் ஒவ்வொரு வேலையையும் கூடவே நின்று பார்க்கிறார்கள். டிராக்டரின் முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கிறது. மூட்டு தேய்ந்தவருக்கு அந்தப் படி ஒரு மதில். அதற்குக் கீழே இன்னொரு படியைப் பற்றவைத்து, பிடித்து ஏற இரண்டு பக்கமும் கம்பி வைத்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. கழுத்தைத் திருப்ப முடியாதவருக்குப் பின்னால் இழுத்துவரும் கருவி தெரிய அகலமான குவி கண்ணாடி, இல்லாவிட்டால் சுழலும் இருக்கை. வண்டியை விட்டு இறங்காமலே திறக்கும் தானியங்கிக் கதவு. கலப்பையையும் டிரெய்லரையும் மாட்ட ஒவ்வொரு முறையும் குனிந்து ஊசி போட வேண்டியதில்லாமல், பின்னால் நகர்த்தினாலே பூட்டிக்கொள்ளும் கொக்கி.

கால்கள் அறவே இயங்காதவருக்குக் கொஞ்சம் பெரிய ஏற்பாடு. டிராக்டரின் பக்கவாட்டில் ஒரு கம்பம் நிற்கும். அதில் ஓர் இருக்கை. சக்கர நாற்காலியிலிருந்து அந்த இருக்கைக்கு நகர்ந்து பொத்தானை அழுத்தினால், டிராக்டர் பேட்டரியில் ஓடும் மோட்டார் அவரை ஸ்டியரிங் உயரத்துக்குத் தூக்கி உள்ளே திருப்பிவிடும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் கையால் இழுக்கும் நெம்புகோல். சொல்லும்போது எளிது. நெம்புகோலின் பற்றவைப்பு நடுவயலில் விட்டுப்போனால் கிளட்சும் பிரேக்கும் அவருக்கு எட்டாது. அதனால்தான் பர்டூவில் எந்தக் கருவி எதற்கு, எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பெரிய தொகுப்பே வைத்திருக்கிறார்கள். நம்மூர் லேத் பட்டறைக்காரர் இதையெல்லாம் ஒரே மத்தியானத்தில் செய்து கொடுத்துவிடுவார், அவர் கையில் அந்த வித்தை இருக்கிறது. பாரம் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை.

அக்ரெபிலிட்டியை நாடி வருகிறவர்கள் எல்லோரும் சக்கர நாற்காலிக்காரர்கள் என்று நினைத்தால் தவறு. மூட்டுவாதம், முதுகுவலி, எலும்பு முறிந்து சரியாகக் கூடாதது, காது மந்தம் இவைதான் அதிகம். அமெரிக்க விவசாயியின் சராசரி வயது 58. அந்த வயதில் முழங்கால் நோகாத விவசாயி எந்த நாட்டிலும் அபூர்வம். ஆனால் அவர்களில் யாரும் தம்மை மாற்றுத்திறனாளி என்று சொல்லிக்கொள்வதில்லை. ‘வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்கிற பேச்சு நம் கிராமத்தில் மட்டும் புழங்குவதில்லை. சான்றிதழ் கேட்டு வாசலில் நிறுத்தும் திட்டம் இவர்களைத் தொடவே தொடாது.

இதில் ஒரு குறையும் உண்டு. அக்ரெபிலிட்டியின் பணத்தில் விவசாயிக்குக் கருவி வாங்கித்தர முடியாது. யோசனை மட்டுமே இலவசம். கருவிக்குத் தொழில் மறுவாழ்வுத் துறையிடமோ, படைவீரர் என்றால் அதற்குரிய துறையிடமோ, வங்கியிடமோ போக வேண்டும். ஒரு மேசையில் நோயறிந்து, மருந்துக்கு வேறு ஊருக்கு அனுப்பும் இந்த முறையில் வழியிலேயே சோர்ந்து போகிறவர்கள் உண்டு.

கருவி என்றதும் அமெரிக்காவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. விவசாயிக்காக உலகில் வடிவமைக்கப்பட்ட துணைக்கருவிகளில் முதலிடம் தர வேண்டியது ஜெய்ப்பூர் காலுக்கு. 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்தது அது. மேல்நாட்டுச் செயற்கைக் கால் ஷூ போட்டு நடப்பவருக்கானது. நம் விவசாயி வெறுங்காலில் நடப்பான், வரப்பில் குந்துவான், சேற்றில் இறங்குவான், சம்மணமிட்டுச் சாப்பிடுவான். மேல்நாட்டுக் காலில் கணுக்கால் மடங்காது, தண்ணீர் பட்டால் உள்ளே ஊறிக் கெட்டுப்போகும், ஷூ இல்லாமல் போட முடியாது. ஆகவே கால் கிடைத்தவர்கள் அதை வீட்டு மூலையில் சாத்திவிட்டுக் கம்பூன்றி வயலுக்குப் போனார்கள். சர்மாவும் சேத்தியும் ரப்பரால் பாதம் செய்தார்கள். எல்லாப் பக்கமும் வளையும் கணு, நீர் புகாத மேற்பரப்பு, பார்வைக்கும் பாதம் போலவே. 1975இல் டி.ஆர். மேத்தா தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி அதை இலவசமாகப் பரப்பியது. பிற்பாடு ஆப்கானிஸ்தானில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. போரில் கால் இழந்தவனுக்கும் ஓர் உழவனுக்கும் ஒரே கால் பொருந்தியதற்குக் காரணம், அதைச் செய்தவர்கள் மருத்துவமனைத் தரையை விட்டுவிட்டு வரப்பை மனதில் வைத்ததுதான்.

வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளுக்குச் செய்த வேலையும் இந்த வகை. உணர்ச்சியற்ற கை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்று அறியாது. மண்வெட்டியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்க, தோல் கிழிந்து புண்ணாகும். நோய் விரலைத் தின்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தபோது, சேதம் இப்படிப்பட்ட காயங்களால் வருகிறது என்று அவர் காட்டினார். கைப்பிடி தடிமனாகவும் வழவழப்பாகவும் இருந்தால் அழுத்தம் பரவும். எந்தப் பட்டறையிலும் செய்துவிடக்கூடிய மாற்றம்.

ஊனத்தை உண்டாக்குவதில் வயலுக்கும் பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பசுமைப் புரட்சிக்குப் பின் வட இந்தியாவில் கதிரடிக்கும் இயந்திரங்களில் கை சிக்கி இழந்தவர்கள் ஏராளம். நாடாளுமன்றம் 1983இல் அபாய இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவர அதுவே காரணம். நம் பக்கத்தில் பனையும் தென்னையும் ஏறி விழுந்து முதுகுத் தண்டு முறிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எல்லையில் காயம்படும் ஜவானுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் உண்டு. கால் கை இழந்தவருக்குப் புனேயில் 1944 முதல் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது, தண்டுவடம் அடிபட்டவருக்குக் கட்கியிலும் மொகாலியிலும் மறுவாழ்வு இல்லங்கள் இருக்கின்றன. மரமேறிக்கு இருப்பது அவன் மனைவி.

கருவியும் நிலமும் கிடைத்தபின் சந்தை. மகாராஷ்டிரத்தின் வரோராவில் பாபா ஆம்தே தொழுநோயாளிகளோடு கரம்பு நிலத்தில் கிணறு வெட்டி ஆனந்தவனத்தை உண்டாக்கினார். காய்கறி விளைந்தது. ஊர்க்காரர்கள் வாங்க மறுத்தார்கள். வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து தங்கி அந்தக் காய்கறியையே அங்கே சாப்பிட்டுக் காட்டியபின்தான் தயக்கம் விலகியது. விளைவிக்கத் தெரிந்தவனை வாங்க மறுத்தே தோற்கடிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். குஜராத்தின் பன்சாவில் பார்வையற்றோருக்கு 1960களிலேயே வேளாண் பயிற்சி மையம் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. கறவையும் கோழியும் தோட்டமும் கண் இல்லாமலும் கைக்குப் பழகும்.

சந்தையைப் பிடித்த வகையில் அமெரிக்கப் படைவீரர்கள் கெட்டிக்காரர்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் கிராமத்துப் பிள்ளைகளே நகரத்தாரைவிட 60 சதவீதம் அதிக விகிதத்தில் இறந்தார்கள் என்று 2006இல் கார்சி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கை மைக்கேல் ஓகார்மன் என்ற இயற்கைக் காய்கறி விவசாயியை உலுக்கியது. 2008இல் அவர் கலிபோர்னியாவில் விவசாயப் படைவீரர் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதன் உதவித்தொகை பணமாகக் கைக்கு வராது. டிராக்டரோ வேலியோ தேன்பெட்டியோ எது வேண்டுமோ அதை விற்பவருக்கு நேரே பணம் போகும். கென்டக்கி மாநிலத்தில் 2013இல் தொடங்கிய ‘ஹோம்குரோன் பை ஹீரோஸ்’ முத்திரை இப்போது அவர்கள் கையில். முட்டை அட்டையில் அந்த முத்திரை இருந்தால், விற்கிறவர் படையில் இருந்தவர் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்துவிடும். கடற்படைக் காலாட்படையில் இருந்த காலின் ஆர்ச்சிபிலி கலிபோர்னியாவில் ஓர் அவகாடோ தோட்டம் வாங்கி, தண்ணீர்க் கட்டணம் கழுத்தை நெரிக்க, மண்ணில்லா வளர்ப்புக்கு மாறி வேரோடு துளசி வகைச் செடி விற்றுப் பிழைத்தார். பிறகு மற்ற படைவீரர்களுக்கு அங்கேயே ஆறு வாரப் பயிற்சி. வகுப்பில் முக்கியப் பாடம் தொழில் திட்டம் எழுதுவது. செடி நடுவதைவிட அது கடினம் என்பதை அனுபவத்தில் கண்டவர் அவர்.

2014 வேளாண் சட்டம் படைவீரர் விவசாயி என்ற பிரிவைத் தனியே வரையறுத்து, வேளாண் துறையில் அவர்களுக்கென ஒரு தொடர்பு அதிகாரியையும் நியமித்தது. பலன்? 2017 கணக்கெடுப்பில் படையில் பணியாற்றிய விவசாயிகள் 3 லட்சத்து 70 ஆயிரம். 2022இல் 3 லட்சத்து 5 ஆயிரம். திட்டம் தோற்றது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2017இல் அவர்களின் சராசரி வயது 68ஐத் தொட்டது. வியட்நாம் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது, இடத்தை நிரப்பும் அளவுக்கு இளையவர்கள் வரவில்லை. நில விலை அவர்களை வரவிடவில்லை என்பது என் எண்ணம்.

மண்ணைத் தொட்டால் போர்க்கால மனக்காயம் ஆறும் என்ற பேச்சு இந்தத் துறையில் நிறைய. விதை முளைப்பதைப் பார்ப்பதில் மனம் அடங்கும் என்பதை மறுக்கமாட்டேன். பலர் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பெரிய அளவில் நடந்த ஆய்வுகள் குறைவு. தோட்டம் ஆறுதல் தரலாம். விவசாயத் தொழிலில் கடன் தவணையும் பொய்த்த மழையும் கூட வரும். அமெரிக்க விவசாயிகளிடையே தற்கொலை விகிதம் பொதுமக்களைவிட அதிகம். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கம் வராத ஒருவரை, சிகிச்சை என்று பெயர் சொல்லி, தூக்கம் கெடுக்கும் தொழிலில் இறக்குவதற்கு முன் அவருக்கு ஓய்வூதியமோ மாத உதவியோ உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அடிப்படை நேர்மை.

இனி நம் நாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ 60 ஆயிரம் பேர் முப்படையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினர். மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளில் வேளாண்மை சார்ந்தவையும் உண்டு. ஆனாலும் செக்யூரிட்டி வேலைக்கே பெரும்பாலோர் போகிறார்கள். மாதச் சம்பளம் கையில் நிற்கிறதல்லவா. ஓய்வூதியம் உள்ள பழைய ஜவான் விவசாயத்தில் இறங்கினால் அவருக்கு முதல் மூன்றாண்டு பயமில்லை, அந்த வகையில் அவர் அதிர்ஷ்டசாலி. 2022இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம் முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு ஓய்வூதியம் கிடையாது. கையில் 11 லட்சத்துச் சொச்சம் சேவா நிதி. தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை முக்கால் ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்தப் பணத்தைப் போர்வெல்லில் போட்டுத் தண்ணீர் வராமல் போனால் அத்தோடு முடிந்தது. நிலம் வாங்கி ஏர் ஓட்டு என்று அவனிடம் சொல்வதைவிட, அறுவடை இயந்திர வாடகை, நாற்றங்கால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கிடங்கு என்று வயலைச் சுற்றியுள்ள வேலைகளில் இறக்குவது புத்தி. டீசல் எஞ்சினும் கணக்குப் புத்தகமும் படையில் பழகியவை.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தாராளமாகவே எழுதப்பட்டிருக்கிறது. 2016 உரிமைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு, அரசுத் திட்டங்களில் ஒதுக்கும் வேளாண் நிலத்தில் 5 சதவீதத்தை 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்குத் தரச் சொல்கிறது. அதில் பெண்களுக்கு முன்னுரிமை. சிக்கல் என்னவென்றால், ஒதுக்குவதற்கு அரசிடம் நல்ல நிலம் இல்லை. இல்லாத நிலத்தில் ஐந்து சதவீதம் எவ்வளவு? அதைவிட உருப்படியாக இருந்தது நூறு நாள் வேலையில் தமிழ்நாடு செய்த ஏற்பாடு: மாற்றுத்திறனாளி நான்கு மணி நேரம் வேலை செய்தாலே முழுக் கூலி.

இருக்கிற நிலத்தில் இருக்கிற விவசாயியைத் தக்கவைப்பதுதான் இங்கே செய்யக்கூடிய காரியம். அதற்கு வேண்டியதெல்லாம் தனித்தனியே நம்மிடம் இருக்கின்றன. வேளாண் பொறியியல் துறை இயந்திரத்தை வாடகைக்கு விடுகிறது, மானியமும் தருகிறது. மானிய விகிதத்தைச் சாதி, நிலத்தின் அளவு, பெண் என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். முழங்கால் மடங்குமா என்று யாரும் கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பக்கச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகத் தருகிறது. ஒரு வண்டியை உடம்புக்கேற்ப மாற்றிக் கொடுக்க அரசுக்குத் தெரியும், அதற்குப் பணமும் ஒதுக்கத் தெரியும் என்பதற்கு அந்த ஸ்கூட்டரே சாட்சி. அதே பட்டியலில் பவர் டில்லருக்கு ஓர் இருக்கை, தெளிப்பானுக்கு முதுகில் சுமக்காத சக்கரவண்டி, மோட்டார் கொட்டகைக்குச் சாய்தளம், டிராக்டருக்குக் கூடுதல் படி என்று நான்கு வரி சேர்க்க வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரும் ஒரு வேளாண் பொறியாளரும் மாதத்தில் சில நாளாவது ஒரே ஜீப்பில் தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து வரும் பெயரும், மாற்றுத்திறனாளிகள் அலுவலகத்திலிருந்து வரும் பெயரும், எந்த அலுவலகத்திலும் பதியாத மூட்டுவலிக்காரர் பெயரும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். எந்தத் துறையின் தலைப்பில் செலவெழுதுவது என்று கோட்டையில் கேட்பார்கள். வேளாண் பொறியியல் துறையின் தலைப்பிலேயே எழுதலாம்.